இரண்டாம் தவணை வர 20,000 கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம். அம்மா பெயரில் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் வீடு சாங்ஷன் ஆனது. பேஸ்மட்டம் முடிந்ததும் முதல் தவணை அம்மாவின் ஜன்தன் கணக்கில் ஏறியது. லிண்டல் மட்டம் முடித்து நான்கு மாதம் ஆகிறது, இரண்டாம் தவணை வரவில்லை. ஓவர்சியர் மாற்றலாகிப் போய்விட்டார். புது ஆள் போடவில்லை, பக்கத்து ஊராட்சிக்காரர்தான் கூடுதல் பொறுப்பு என்கிறார்கள். ஊரில் ஒருவர் 20,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் பில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். மழைக்கு முன் கூரை போட்டாக வேண்டும். என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த ஆள் இன்னொரு முறை உங்கள் வாசலுக்கு வந்து நிற்கக்கூடும். திட்டப் பணம் நேராக அம்மாவின் வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது. இடையில் யார் கையிலும் ரொக்கமாக நிற்பதில்லை.

பணம் வரும் வழியை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன், மற்ற விதிகள் உங்களுக்குத் தேவையில்லை. லிண்டல் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஒருவர் நேரில் வந்து செல்போன் செயலியில் வீட்டைப் படம் எடுக்க வேண்டும். எந்த இடம், எந்த நேரம் என்பது படத்தோடு தானாகப் பதிந்துவிடும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொறியியல் பிரிவு அதைச் சரிபார்க்கும். பிறகு பணப் பரிமாற்ற ஆணை தயாராகி, இரண்டு பேர் டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியாக வங்கி. உங்கள் தவணை இந்த நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் நிற்கிறது. எந்த இடம் என்று தெரியாமல் யாரிடம் கெஞ்சினாலும் பலன் இல்லை. தரகர் பிழைப்பதே அது உங்களுக்குத் தெரியாது என்பதால்தான்.

அனுமதி ஆணையில் டி.என். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். திட்டத்தின் இணையதளத்தில் பயனாளி விவரம் பார்க்கும் பகுதியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிலை வரை பதிவாகியிருக்கிறது, எந்தத் தவணை விடுவிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியும். செல்போனில் பார்க்க வரவில்லை என்றால் இ-சேவை மையத்தில் கேட்டு ஒரு பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வீடு இன்னும் பேஸ்மட்ட நிலையிலேயே இருந்தால் படம் ஏறவில்லை என்று அர்த்தம். லிண்டல் பதிவாகி, தவணை மட்டும் காட்டாவிட்டால் சரிபார்ப்பிலோ கையெழுத்திலோ நிற்கிறது. தவணை அனுப்பியதாகக் காட்டியும் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் கோளாறு வங்கியில்.

நீங்கள் ஜன்தன் கணக்கு என்று எழுதியிருப்பதால், வங்கி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழு ஆவணங்கள் இல்லாமல் திறக்கப்பட்ட கணக்கை ‘ஸ்மால் அக்கவுண்ட்’ என்று வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி அதில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக்கூடாது; அரசு மானியம், நலத்திட்டப் பணம் வரவு வைக்கும்போது மட்டும் இந்த இருப்பு வரம்பைப் பார்ப்பதில்லை. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதம் எடுக்கக்கூடியது 10,000 ரூபாய்தான். இதை உங்கள் வீட்டோடு பொருத்திப் பாருங்கள். முதல் தவணை வந்தாயிற்று. அதே கணக்கில் மகளிர் உரிமைத் தொகை மாதாமாதம் 1,000 ரூபாய் வருகிறதா? நூறு நாள் வேலைக் கூலி? முதியோர் உதவித்தொகை? யாராவது அனுப்பிய பணம்? எல்லாம் சேர்ந்து அந்த ஒரு லட்சம் வரவு வரம்பை நெருங்கியிருந்தால், இரண்டாம் தவணை வாசல் வரை வந்து திரும்பிப் போயிருக்கலாம். முதல் தவணை ஒழுங்காக ஏறியதால் கணக்கில் கோளாறு இருக்காது என்று வீட்டில் நினைப்பீர்கள், அலுவலகத்திலும் அப்படித்தான் நினைப்பார்கள். வரம்பு இடிப்பது இரண்டாவது, மூன்றாவது தவணையில்தான். எனவே நாளைக்கே அம்மாவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போய், “இது ஸ்மால் அக்கவுண்டா, வரம்பு ஏதும் இருக்கிறதா, ஏதாவது பணம் வந்து திரும்பியிருக்கிறதா” என்று கேளுங்கள். ஆம் என்றால் ஆதாரும் பான் கார்டும் கொடுத்து, பான் இல்லாவிட்டால் அதற்கான உறுதிமொழிப் படிவம் எழுதிக் கொடுத்து, கே.ஒய்.சி.யை (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பை) முழுமையாக்கச் சொல்லுங்கள். அதற்காகப் புதுக் கணக்கு திறந்து அந்த எண்ணை ஒன்றியத்தில் கொடுக்காதீர்கள். கணக்கு எண்ணை மாற்றினால் சரிபார்ப்பு எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஆனால் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் படமே ஏறியிருக்காது. நான்கு மாதமாக ஓவர்சியர் இல்லை என்றால் யார் வந்து எடுத்திருப்பார்கள்?

இங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. இந்தத் திட்டத்தைக் கண்காணிக்க எத்தனை அடுக்கு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? விதிமுறைப்படி ஒவ்வொரு கட்டத்திலும் வீடுகளில் 10 சதவீதத்தை ஒன்றிய அதிகாரிகளும் 2 சதவீதத்தை மாவட்ட அதிகாரிகளும் நேரில் பார்க்க வேண்டும். ஊராட்சிதோறும் ஆண்டுக்கு ஒருமுறையாவது சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். எம்.பி. தலைமையில் மாவட்டத்தில் ‘திஷா’ குழு கூடி ஆய்வு செய்கிறது. டெல்லியிலிருந்து தேசியக் கண்காணிப்பாளர்கள் வருகிறார்கள். எல்லோரும் பார்ப்பது ஒரே கணினிப் பலகைதான். அந்தப் பலகையில் ஒரு எண் மாற வேண்டும் என்றால் ஒரு ஓவர்சியர் வண்டியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வர வேண்டும். அந்த ஆளைப் போடாமல், அவர் செய்யாத வேலையைக் கண்காணிக்க மேலே மேலே ஆள் வைத்து என்ன பயன்?

ஓவர்சியர் மட்டுமா? 2025 அக்டோபரில் ஊராட்சி செயலர் பணிக்கு விண்ணப்பம் கேட்டபோது காலியிடம் 1,483. தமிழ்நாட்டில் ஊராட்சிகள் சுமார் 12,500. அதாவது எட்டு ஊராட்சிக்கு ஒன்று என்ற கணக்கில் செயலர் நாற்காலி காலியாக இருந்தது. அந்த ஊர்களிலும் வீடு சாங்ஷன் ஆகிறது, குடிநீர் வர வேண்டும், வரி வசூலாக வேண்டும். இத்தனைக்கும் பக்கத்து ஊர்ச் செயலர்தான் ஓட வேண்டும்.

இன்னொன்று. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. புதுக்கோட்டையும் அதில் ஒன்று. தேர்தல் நடத்தாமல், கிராம ஊராட்சிகளுக்கு பி.டி.ஓ.வையே (வட்டார வளர்ச்சி அலுவலரையே) தனி அலுவலராக உட்கார வைத்தார்கள். தவணைக்குப் பொறுப்பான அலுவலகமும் அவருடையது, அது தாமதமானால் ஊர் சார்பில் தட்டிக் கேட்க வேண்டிய தலைவர் இடத்திலும் அவர். தலைவர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு ஆளின் வீட்டு வாசலில் போய் நிற்கிற வழியாவது உங்கள் அம்மாவுக்கு இருந்திருக்கும்.

பணத்தைப் பற்றிக் கேட்டால் டெல்லியும் சென்னையும் ஒருவரையொருவர் கை காட்டுவார்கள். அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சமவெளிப் பகுதியில் திட்டத் தொகை 1,20,000 ரூபாய். அதில் மத்திய அரசு 72,000, மாநில அரசு 48,000. கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாக 1,20,000 தருகிறது. ஆக மொத்தம் 2,40,000 ரூபாயில் மாநிலத்தின் பங்கு 1,68,000. சிமெண்டும் கம்பியும் ஒன்றியத்தில் வாங்கியிருந்தால் அதற்கான தொகையைத் தவணையில் கழித்துக்கொள்வார்கள். பணம் குறைவாக வந்தால் உடனே யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைக்காமல், பிடித்தக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

சரி, அந்த 20,000 ரூபாய்க்காரர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆட்களை எல்லா ஒன்றிய அலுவலக வாசலிலும், எதிரில் உள்ள டீக்கடையிலும் பார்க்கலாம். யார் வீட்டுக்கு எந்த வாரம் ஓவர்சியர் வரப்போகிறார் என்ற தகவல் எப்படியோ இவர்கள் காதுக்கு வந்துவிடும். “ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன்” என்று அவர் சொன்னால், படம் எடுக்க ஆள் வரும் நாள் அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடும். தானாக நடக்கப்போகிற வேலைக்குக் கூலி வாங்குகிறார்கள். வேலை நடக்காவிட்டால் “மேலே பணம் வரவில்லை” என்று கையை விரித்துவிடுவார்கள். நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இதைவிட மோசமானது, “நானே வீட்டைக் கட்டித் தருகிறேன், தவணை வரும்போது எடுத்துக்கொள்கிறேன்” என்று வருகிற ஆள். இந்தத் திட்டத்தில் கான்ட்ராக்டருக்கு இடமே கிடையாது. வீட்டைப் பயனாளிதான் கட்ட வேண்டும் என்பது விதி. கொத்தனாருக்கு நீங்கள் கூலி கொடுத்துக் கட்டலாம். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறவரிடம் வீட்டை ஒப்படைக்கக்கூடாது. வெற்று வித்டிராயல் படிவத்தில் அம்மாவிடம் கைநாட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கும் வழியில்லை என்றால், “கே.ஒய்.சி. பார்க்கணும், விரல் வையுங்கம்மா” என்று ஆதார் மெஷினை வீட்டுக்கே கொண்டு வருவார்கள். விரலை வைத்த மறுநிமிடம் கணக்கிலிருந்து பணம் போய்விடும். கே.ஒய்.சி.யை வங்கிக் கிளைக்குள் போயே செய்துகொள்ளுங்கள், வாசலில் யார் வந்து சொன்னாலும் அம்மா விரல் வைக்க வேண்டாம். இதை அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். வயதானவர்கள் “நம்ம பையன்தானே” என்று நம்பிவிடுகிறார்கள்.

நூறு நாள் வேலைத் திட்டத்தின் வழியாக வீட்டு வேலைக்கு 90 நாள் கூலி உண்டு என்று விதிமுறையில் சேர்த்திருந்தார்கள். உங்கள் வீட்டுக்கு அது யார் பெயரில் போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் வீட்டு அஸ்திவாரத்தில் ஒரு கூடை மண்கூட அள்ளாதவர் பெயரில் கூலி ஏறியிருந்தால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று 2018 முதல் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேறு வழியில்லாமல், கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ புகார் சொல்லிவிட்டால் அவர்மேல் குற்றமில்லை. முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் அந்த ஏழு நாளை விட்டுவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. பி.டி.ஓ.வுக்கு ஒரே பக்கத்தில் மனு எழுதுங்கள். பதிவு எண், லிண்டல் முடிந்த தேதி, நீங்களே எடுத்த படம், இணையதளப் பிரிண்ட் இவை போதும். அழுது புலம்பி எழுத வேண்டாம், மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். லிண்டல் நிலைப் படம் எந்தத் தேதியில் பதிவேற்றப்பட்டது? பணப் பரிமாற்ற ஆணை எந்தத் தேதியில் கையெழுத்தானது? வங்கி அதைத் திருப்பி அனுப்பியதா? எங்கள் ஊராட்சிக்கு இப்போது பொறுப்பு ஓவர்சியர் யார், அவரை நியமித்த ஆணையின் தேதி என்ன என்பதையும் கடைசியில் சேர்த்துவிடுங்கள். ‘கூடுதல் பொறுப்பு’ என்று வாயால் சொல்வது சுலபம். எழுத்தில் ஒரு பெயர் வந்துவிட்டால் அந்தப் பெயருக்கு உரியவர் வந்துதான் ஆக வேண்டும். நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் அதே மனுவை, ஒப்புகை நகலோடு, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். 1100 என்ற எண்ணிலும் பதிவு செய்யலாம். கூடவே 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்விகளைப் போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதில் “ஏன் தரவில்லை” என்று கேட்டால் பதில் வராது. தேதி, பெயர், ஆணை நகல் என்று கேட்டால்தான் வரும். அப்புறம், கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கூட்டத்தில் தவணை நிற்கிற வீடுகளின் பட்டியலை வாசிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் ஓவர்சியர் இல்லாமல் நிற்பது உங்கள் வீடு ஒன்றாக மட்டும் இருக்காது. நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து போனால் பேச்சே வேறு.

கூரை விஷயம். வட்டிக்காரரிடம் போகாதீர்கள். இந்தத் திட்டப் பயனாளி விரும்பினால் வங்கிக் கடன் 70,000 ரூபாய் வரை ஏற்பாடு செய்து தர விதியில் இடம் இருக்கிறது. வங்கி இழுத்தடித்தால், அம்மா மகளிர் குழுவில் இருந்தால் குழுக் கடனைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கடன் கிடைத்தாலும் லிண்டல் நிலைப் படம் ஏறுவதற்கு முன் சென்ட்ரிங் அடிக்காதீர்கள். கூரை மூடிவிட்டால், “லிண்டல் நிலையை நாங்கள் பார்க்கவில்லையே” என்று அதையே காரணமாகச் சொல்லி இன்னும் இழுப்பார்கள். மழை முந்திக்கொண்டு வேறு வழியே இல்லாமல் போனால், லிண்டல் தெரியும்படி நான்கு பக்கமும் தேதியோடு படம் எடுத்து, ‘இந்தத் தேதியில் கூரை வேலை தொடங்குகிறோம்’ என்று பி.டி.ஓ.வுக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.