ஜப்பானிய மர அச்சு ஓவியத்தில் இருப்பது குடும்பப் பெண்ணா, கணிகையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் முகத்தைப் பாருங்கள். ஜப்பானின் எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) கல்யாணமான பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். பிள்ளை பிறந்ததும் புருவத்தையும் மழித்தார்கள். புருவம் இருந்த இடத்தில் வெளிர்நீலச் சாயல் தெரிந்தால் பெரும்பாலும் அவள் தாய். பல்லை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், யோஷிவாரா என்னும் கணிகையர் பேட்டையின் பெண்களும் கறுப்பாக்கியவர்களே. அடுத்து இடுப்புக் கச்சை: பெரிய முடிச்சு முன்பக்கம் இருந்தால் அநேகமாகக் கணிகை. உடையின் தொங்கும் நீளக் கைகள் கன்னிப்பெண்ணுக்கு.

அச்சு ஓவியர் உடமாரோவின் சமையலறை ஓவியத்தை அவசியம் பாருங்கள். ஒருத்தி மூங்கில் ஊதுகுழலால் அடுப்பை ஊதுகிறாள். புகை கிளம்புகிறது. இன்னொருத்தி காய் தோல் சீவுகிறாள். அலங்காரப் பதுமைகளாக நிற்காமல் வேலையில் முழுகியிருக்கிறார்கள், அதுதான் அழகு. நெற்றியோர மயிரிழைகளையும் கவனியுங்கள். செர்ரி மரப்பலகையில் இழை இழையாகச் செதுக்கியவை. அந்தத் தலைப்பகுதியைக் கைதேர்ந்த செதுக்கர்களே செய்வார்கள்.