சீர் ஜமக்காளமும் பனியன் அட்டையின் வாசகமும்

கேள்வி: வருகிற தை மாதத்தில் என் மகளுக்குத் திருமணம். சீரில் வைக்கும் பொருள்கள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடு செய்யாதவையாக இருக்க வேண்டும் என்கிறாள். ஈரோட்டுக் கடையொன்றில் பவானி ஜமக்காளம் என்று இரண்டைக் காட்டினார்கள். ஒன்றின் விலை மற்றதில் பாதிதான். பனியன் அட்டையில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று அச்சிட்டிருந்தது. இவற்றை நம்பலாமா? வீட்டிலுள்ள பிளாஸ்டிக் டப்பாக்களையும் மாற்றிவிடலாமா? – வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் மகள் கேட்டிருப்பது நியாயமான சீர். ஜமக்காளத்திலிருந்து தொடங்குவோம். ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிவதுபோல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். ஆனால் இச்சோதனை நூலைத்தான் சொல்லும், தறியைச் சொல்லாது. விசைத்தறியில் நெய்த பருத்தியும் அப்படியே எரியும் என்பதால், கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ‘பவானி கைத்தறி ஜமக்காளம், பருத்தி’ என்று ரசீதில் எழுதித் தரும்படி கேளுங்கள். பவானி ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட பொருள்களுள் ஒன்று. எழுதித் தரத் தயங்கும் கடையில் நான் வாங்கமாட்டேன். எழுதிக் கொடுத்தது பொய்யென்று பின்னர் தெரிந்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை.

பனியன் அட்டையின் வாசகத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட வாசகங்களுக்கு விளக்கமும் ஆதாரமும் தர வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஆகவே எந்த வகையில் உகந்தது, பஞ்சா, சாயமா, யார் சான்றளித்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. இயற்கை வேளாண்மையில் விளைந்த பஞ்சு என்று சொன்னால், அத்தகைய துணிகளுக்கான சர்வதேசத் தரச்சான்றான ஜி.ஓ.டி.எஸ்.ஸின் உரிம எண்ணைக் கேளுங்கள். அதை அந்த அமைப்பின் தளத்தில் சரிபார்க்க முடியும்.

சாயத்தைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அதன் கீழே வயல்களும் கிணறுகளும் கெட்டதையும், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் கண்டவர்கள் நாம். அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற முறையில் சுத்திகரித்தே பட்டறைகள் நடக்க வேண்டியிருக்கிறது. அப்படிச் சுத்திகரித்தாலும் உப்பும் கசடும் மிஞ்சத்தான் செய்கின்றன. எனவே சான்று பெற்ற பத்துப் பனியன்களை அள்ளி வருவதைவிட, தையல் பிரியாத, வெளுக்காத நான்கை வாங்கிக் கிழியும்வரை உடுத்துவதே நொய்யலுக்குச் செய்யும் உதவி என்பது என் உறுதியான கருத்து. சீர்வரிசைத் தட்டில் எண்ணிக்கை குறைந்தால் உறவினர்கள் பேசுவார்கள் என்று தயங்க வேண்டாம். சென்னிமலைப் போர்வை இரண்டு வைத்தாலே தட்டு நிறைவாக இருக்கும்.

டப்பாக்களை எறியாதீர்கள். எறிந்தவுடன் அவை குப்பை; அலமாரியில் இருக்கும்வரை பொருள். பருப்பும் மிளகாயும் அவற்றிலேயே இருக்கட்டும். சூடான உணவுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் எவர்சில்வர் போதும். அது பரணில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள். செக்கு எண்ணெய் வாங்கும்போது அந்தத் தூக்குப்போசியையே கொண்டுபோய், காலிப் பாத்திரத்தின் எடையை முதலில் கழித்துவிட்டு ஊற்றித் தரச் சொல்லுங்கள்.