வெளியே வந்ததும் முதல் மூன்று மாதம்

கேள்வி: சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு வேலை ஏற்பாடு செய்ய அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். எம்.ஏ. முடித்த என் மகன் மூன்று வருடமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஒழுங்காக இருந்தவனுக்கு ஒன்றுமில்லை, தப்பு செய்தவனுக்கு மரியாதையா?
– ஒரு தகப்பன், பாபநாசம்

பதில்: கோபம் நியாயம்தான் ஐயா. உங்கள் மகனுக்குக் கொடுக்க வேண்டியதைப் பிடுங்கி இவர்களுக்குக் கொடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருக்கிறவனுக்குச் சோறு, காவல், மருந்து, கோர்ட்டுக்குப் போய்வர வண்டி எல்லாமே நம் வரிப்பணம்தானே? வெளியே வந்தவன் வேலை கிடைக்காமல் திரும்ப உள்ளே போனால் அந்தச் செலவு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இன்னொரு வீட்டில் நகையோ உயிரோ போயிருக்கும்.

நியூயார்க்கில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்தவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு உடனே தற்காலிக வேலையும் அன்றன்றைக்குக் கூலியும், இன்னொரு கூட்டத்துக்குச் சாதாரண உதவி மட்டும் என்று கொடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். நிரந்தர வேலை கூடியதா என்றால், இல்லை. முதல் வருடம் வேலையில் தெரிந்த வித்தியாசம் அதற்குப் பிறகு கரைந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் திரும்ப வழக்கில் மாட்டுவதும் உள்ளே போவதும் குறைந்தது. அதிலும் விடுதலையாகி மூன்று மாதத்துக்குள் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களிடம்தான் அந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. அரசு பணம் போடுவதென்றால் அந்த மூன்று மாதத்தில் போடட்டும், ஒரு வருடம் கழித்துத் தையல் மெஷின் கொடுத்து போட்டோ எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம் காவிரி டெல்டாப் பக்கத்தில் அது எந்த மூன்று மாதம் என்பதும் இருக்கிறது. தை, மாசியில் வந்தால் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கியாவது பிழைக்கலாம். பங்குனிக் கடைசியில் வந்தவன், பம்புசெட் இல்லாத ஊராக இருந்தால், ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து (திறந்தால்!) தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை என்ன செய்வான்? டீக்கடை பெஞ்சுதான். பழைய சகவாசமும் அதே பெஞ்சுக்குத்தான் வரும்.

கேள்வி: என் தம்பி ஐந்து வருடம் கழித்து அடுத்த மாதம் திருச்சி மத்திய சிறையிலிருந்து வருகிறான். மெக்கானிக் வேலை தெரியும். எங்கே போய் உதவி கேட்பது?
– ஒரு அக்கா, திருத்துறைப்பூண்டி

பதில்: அவர் வரும்வரை காத்திருக்காதீர்கள் அம்மா. சிறைத்துறையின் கீழ் நன்னடத்தை அலுவலர் என்று ஒருவர் உங்கள் மாவட்டத்துக்கு இருப்பார், அவரை இப்போதே போய்ப் பாருங்கள். விடுதலையானவர்களுக்கு உதவவே ஒரு சங்கமும் தமிழ்நாட்டில் உண்டு, அதற்கு எப்படி மனு போடுவது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். திருச்சி சிறைக்குள் ஐ.டி.ஐ. இருக்கிறது. தம்பி அதில் ஏதாவது படித்திருந்தால் சான்றிதழைக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள். உள்ளே செய்த வேலைக்கான கூலியில் பிடித்தம் போக மீதி அவருடையது, அதையும் விட்டுவிட வேண்டாம். சிறையில் செய்யும் வேலைக்கு நியாயமான கூலி தரவேண்டும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லியிருக்கிறது. பாபநாசம் ஐயாவும் இதைக் கவனிக்க.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், எல்லாரும் மாட்டிக்கொள்வது இதில்தான். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளியே வந்து மறுநாளே ஒரு பட்டறையில் வேலை பேசிவிட்டார். முதலாளி பேங்க் கணக்கு கேட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லாமல் கிடந்ததால் கணக்கு முடங்கியிருந்தது. ஆதாரோடு இணைத்திருந்த போன் நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் போய், வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது, ஓ.டி.பி. அவருக்குப் போகிறது! இவர் ஆதார் மையத்துக்கும் பேங்குக்குமாகப் பதினைந்து நாள் அலைந்து முடிப்பதற்குள் பட்டறையில் வேறு ஆள் வந்துவிட்டான். அதனால் வந்த முதல் வாரமே புது சிம், ஆதாரில் கைரேகை வைத்து நம்பர் மாற்றம், பேங்கில் கே.ஒய்.சி. என்று முடித்துவிடுங்கள்.

சொந்தப் பட்டறை போடுகிற யோசனை இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிரதமரின் வேலை உருவாக்கும் திட்டம் பற்றிக் கேளுங்கள். கிராமத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள், பட்டியலினத்தார், பிற்பட்டோர் போன்றவர்களுக்கு 35 சதவீதம் மானியம். ஆனால் கடன் கொடுப்பது பேங்க், மேனேஜர் மனசு வைக்க வேண்டும். முதல் வருடம் யாரிடமாவது கூலிக்கு இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கேள்வி: என் ஹார்டுவேர் கடைக்கு ஒருவன் வேலை கேட்டு வந்தான். உள்ளே இருந்ததை அவனே சொன்னான். கல்லாவை நம்பி விடலாமா?
– கடைக்காரர், கும்பகோணம்

பதில்: அவரே சொல்லியிருக்கிறார், அது பெரிய விஷயம். வந்த அன்றைக்கே எவரையும் கல்லாவில் உட்கார வைப்பீர்களா என்ன? கம்பி, சிமெண்ட் இருக்கிற குடோனில் ஆரம்பியுங்கள். சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் எப்போதாவது பெட்ரோல் போட்டிருந்தால், உங்களிடம் காசை வாங்கியது ஒரு சிறைவாசியின் கையாக இருந்திருக்கும்.

உங்கள் பயத்துக்கு அமெரிக்காவில் 1966-இலிருந்தே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இப்படி ஒருவரை வேலைக்கு எடுத்தால், முதல் ஆறு மாதத்துக்குத் திருட்டு, மோசடியால் வரும் நஷ்டத்துக்கு 5,000 டாலர் வரை ஈடு கிடைக்கும்படி ஒரு காப்புப் பத்திரம், முதலாளிக்குச் செலவே இல்லாமல். இங்கேயும் அரசு இப்படி ஒன்றுக்குப் பணம் ஒதுக்கினால் உங்களைப் போன்ற பத்துப் பேர் துணிவார்கள்.

சரி, எடுப்பதென்று முடிவு செய்தால் மாதச் சம்பளம் பேசாதீர்கள், சனிக்கிழமை சனிக்கிழமை கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வரைக்கும் ஓட்ட அவர் கையில் காசு இருக்காது.