அமினோ அமிலப் பொடி – கடிதம்

வணக்கம் ஐயா,

என் தம்பிக்கு வயது 26. சிறுகுடலில் குரோன் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி. முதலில் குடல் காசநோய் என்று சந்தேகித்து அதற்குச் சில மாதங்கள் மாத்திரை கொடுத்தார்கள். பிறகுதான் நோய் இன்னதென்று உறுதியானது. நடுவில் நன்றாக இருந்தான். இப்போது மறுபடியும் வயிற்றுவலி, பேதி, எடை ஆறு கிலோ குறைந்துவிட்டது. நண்பர் ஒருவர் சொன்னாரென்று ரத்தத்தில் அமினோ அமில அளவுகளைப் பரிசோதித்தோம். டிரிப்டோபான் குறைவு என்று சிவப்பில் அச்சிட்டிருக்கிறார்கள். அவன் போகும் ஜிம்மில் குளூட்டமைனும் டிரிப்டோபானும் கலந்த பொடி ஒன்றைச் சிபாரிசு செய்கிறார்கள். செரிக்கத் தேவையில்லை, நேராக ரத்தத்தில் சேரும், குடல் புண்ணை ஆற்றும் என்கிறார்கள். அம்மாவோ முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று வேளையும் கஞ்சியும் மோரும்தான் தருகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கா.

அன்புள்ள கா.,

மருந்து விஷயம் மருத்துவருடையது, அதில் நான் தலையிட மாட்டேன். அந்தச் சிவப்பு எழுத்தைப் பற்றிப் பேசலாம்.

அமினோ அமிலங்கள் புரதத்தைக் கட்டும் துண்டுகள். அவற்றில் ஒன்றான டிரிப்டோபானை நம் உடலால் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். உடல் புரதம் கட்டியதுபோக உடைக்கும் டிரிப்டோபானில் 90 சதவீதத்துக்கு மேல் கைனுரெனின் என்ற பொருளாக மாறுகிறது. வழக்கமாக இது கல்லீரலில் நடக்கும் வேலை. அந்தப் பாதையின் ஒரு கிளை நியாசின் என்ற வைட்டமினின் வேலையைச் செய்யும் பொருளில் போய் முடிகிறது. சிறு பங்கு செரடோனின் ஆகிறது. இன்னொரு சிறு பங்கைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோல் வகைப் பொருள்களாக மாற்றுகின்றன. குடற்சுவரின் செல்கள் அவற்றை உணர்ந்துகொண்டு தம் காவலைப் பலப்படுத்துகின்றன.

அழற்சி மூண்டதும் இந்தக் கணக்கு புரள்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் இண்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. அது ஐடிஓ என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. அந்த நொதி புண்பட்ட குடற்சுவரிலேயே இருந்துகொண்டு டிரிப்டோபானை மளமளவென்று கைனுரெனினாக மாற்றுகிறது. உடலின் முட்டாள்தனம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களின் ஆவேசத்தைத் தணிக்கும் தன்மை கைனுரெனினுக்கு உண்டு. எரிகிற இடத்திலேயே அணைக்கும் முயற்சியும் நடக்கிறது. ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் குடல் அழற்சி நோயாளிகள் 500 பேருக்கு மேல் ரத்தத்தைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட முடிவும் இதுதான்: நோய் தீவிரமாக இருப்பவர்களிடம் டிரிப்டோபான் குறைவு, அதை உடைத்து வரும் பொருள்கள் அதிகம்.

ஆகவே உங்கள் தம்பியின் அறிக்கை காட்டுவது பெரும்பாலும் அழற்சியின் அளவைத்தான். அது ரத்தத்தில் பார்க்கும் சி.ஆர்.பி. பரிசோதனையிலும் மலத்தில் பார்க்கும் கால்புரொடெக்டின் பரிசோதனையிலும் இன்னும் தெளிவாக, குறைந்த செலவில் தெரிந்துவிடும். குறைவதைப் பொடியால் நிரப்பலாமே என்றால், சம்பளத்தை வாசலிலேயே கடன்காரன் பறித்துக்கொள்கிற வீட்டில், சம்பளம் கூடினால் கடன்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

மறுதரப்பையும் சொல்லிவிடுகிறேன், ஜிம்காரர் எங்காவது இதைப் படித்திருக்கக்கூடும். 2012-ல் நேச்சர் இதழில் ஓர் எலி ஆய்வு வந்தது. ஏசிஇ2 புரதம் இல்லாத எலிகளின் குடலால் டிரிப்டோபானைச் சரிவர உறிஞ்ச முடியவில்லை. ரசாயனத்தால் குடலைப் புண்ணாக்கியபோது அவற்றுக்கு அழற்சி கடுமையாக வந்தது. டிரிப்டோபானை இன்னொரு அமினோ அமிலத்தோடு கோத்துக் கொடுத்தபோது தணிந்தது. அருமையான ஆய்வு. ஆனால் அந்த எலிகளுக்கு இருந்தது உறிஞ்சும் வாசலில் கோளாறு. உங்கள் தம்பியின் கதை வேறு. அதோடு, அந்த எலிகளுக்கு உதவியது தனி டிரிப்டோபான் அல்ல, இரட்டையாகக் கோத்த டிரிப்டோபான் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த துண்டுகள் குடலில் நுழைய வேறு வாசல் உண்டு. பல சமயம் தனி அமினோ அமிலங்களைவிட வேகமாகவே அவை உள்ளே போகின்றன. 'நேராக ரத்தத்தில் சேரும்' என்ற விளம்பரம் இந்த இடத்தில் பல்லிளிக்கிறது.

தனி அமினோ அமிலங்களால் ஆன உணவு மருத்துவத்துக்குப் புதிதல்ல. 1960களில் விண்வெளிப் பயணிகளை மனதில் வைத்து அமெரிக்காவில் அதை ஆராய்ந்தார்கள். 1984-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு சிறிய ஆய்வில், குரோன் நோய் தீவிரமாகியிருந்த 21 பேரில் அந்த உணவு ஸ்டீராய்டுக்குச் சமமாக வேலை செய்தது. வாயில் வைக்க முடியாத சுவை. பலருக்கு மூக்கில் குழாய் போட்டுத்தான் இறக்க வேண்டியிருக்கும். அமினோ அமிலம்தான் ரகசியம் என்று அப்போது பலரும் நம்பினார்கள். பிறகு சாதாரணப் பால் புரதத்தில் செய்த திரவ உணவோடு வைத்து ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே பலன். இன்று குரோன் நோயுள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறெதுவும் தராமல் திரவ உணவு மட்டும் கொடுக்கும் சிகிச்சையில் பெரும்பாலும் முழுப் புரதத்தையே பயன்படுத்துகிறார்கள்.

குளூட்டமைன் சிறுகுடல் செல்களின் முக்கிய எரிபொருள் என்பது உண்மை. அதை நம்பிக் குரோன் நோயுள்ள குழந்தைகளுக்குக் குளூட்டமைன் செறிந்த உணவைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அந்த ஆய்வில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. டிரிப்டோபான் மாத்திரைக்கு மோசமான கதையே இருக்கிறது. 1989-ல் அமெரிக்காவில், அந்த மாத்திரையின் தயாரிப்பில் கலந்த மாசால் வந்ததாகக் கருதப்படும் தசைநோய் 1,500 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கியது, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தம்பி மன அழுத்தத்துக்கு மாத்திரை ஏதும் எடுத்துக்கொண்டால் பொடியைத் தொடவே கூடாது; செரடோனின் எல்லை மீறும் அபாயம் உண்டு.

இடையில் ஒன்று. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன், சோளத்தையே நம்பி வாழும் மக்களுக்கு நியாசின் குறைபாட்டு நோயான பெல்லாக்ரா வருவதற்கு, சோளத்தில் மிகுதியாக உள்ள லியூசின் என்ற அமினோ அமிலம் ஒரு காரணம் என்று 1960களில் ஹைதராபாத்திலிருந்து வாதிட்டார். அந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. இருந்தாலும் ஓர் அமினோ அமிலத்தை மட்டும் அள்ளிக் கொட்டினால் மற்றதன் கணக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இன்றைய ஜிம் டப்பாக்களுக்கும் பொருந்தும்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது பொடி அல்ல, கஞ்சி. அழற்சி இருக்கும்போது உடல் தன் தசையையே கரைத்து அமினோ அமிலம் எடுக்கிறது. ஸ்டீராய்டு எடுத்தால் அது இன்னும் கூடும். இந்தக் காலத்தில் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கின்றன ஐரோப்பிய வழிகாட்டுதல்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு 66 முதல் 82 கிராம். ஒரு கை அரிசியில் காய்ச்சிய கஞ்சியில் இரண்டு கிராம் இருக்கலாம், மோர் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். ஆறு கிலோ எங்கே போனது என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள், பயந்துபோய்ச் செய்கிறார். ஆனால் குரோன் நோய்க்காரரால் புரதத்தைச் செரிக்க முடியாது என்பது தவறு. வேகவைத்த முட்டை, முள் நீக்கிய மீன், தயிர், தோல் நீக்கிக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு ஐந்தாறு வேளையாகப் பிரித்துத் தரலாம். பாலே ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும். முதலில் மருத்துவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: குடலில் சுருக்கம் எங்காவது இருக்கிறதா? இருந்தால் கீரைத்தண்டு, முழுக் கொண்டைக்கடலை, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்றவை அடைத்துக்கொள்ளும். அறுவை சிகிச்சையில் போய் முடிந்தவர்கள் உண்டு.