இறுகிப்போன விமான என்ஜின்

கேள்வி: மாமா வைத்திருந்த பழைய என்யா 19 குளோ என்ஜின் (மாதிரி விமானங்களுக்கான சிறிய என்ஜின்) டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. புரொப்பெல்லர் அசையவே இல்லை. பிளையர் போட்டுத் திருப்பலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பிளையரைக் கையில எடுத்துராதீங்க தம்பி! ஷாஃப்ட் கோடு விழும், கனெக்டிங் ராடு வளையும். புகைத் துவாரம் வழியா ஸ்க்ரூடிரைவர் விட்டு பிஸ்டனை நெம்புறதும் கூடவே கூடாது. வண்ணார்பேட்டையில நான் லேத் போட்டிருந்த காலத்துல அப்படிக் கீறலோட வந்த லைனர்களை, அதான் பிஸ்டன் ஓடுற உள்குழாய்களை, பாத்திருக்கேன். அதுக்கப்புறம் கம்ப்ரஷன் நிக்காது.

பெரும்பாலும் இது துரு இல்ல, விளக்கெண்ணெய்தான். குளோ எரிபொருள்ல மெத்தனாலோட அதைக் கலப்பாங்க. மெத்தனால் ஆவியாப் போயிரும், எண்ணெய் வருஷக்கணக்குல கிடந்து அரக்காட்டம் இறுகிரும். சூடுபட்டா இளகும்.

பிளக்கைக் கழட்டுங்க. கார்புரேட்டர்ல பிளாஸ்டிக், ரப்பர் இருந்தா அதையும் கழட்டிருங்க. ஹீட் கன்னால சிலிண்டரைச் சுத்திச் சுத்திச் சூடாக்குங்க. நேரடித் தீ வேண்டாம். தொட முடியாத சூடு வந்ததும் தோல் கையுறை போட்டு, மரப் புரொப்பெல்லரைப் பிடிச்சு முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. முழுச் சுத்து இப்பவே வேண்டாம். நூலளவு அசைஞ்சாலே போதும், காவி நிறத்துல எண்ணெய் கசியும். அசையலையா, நல்லா ஆறவிட்டு, பிளக் ஓட்டையிலயும் புகைத் துவாரத்துலயும் டபிள்யூடி-40ங்கிற இளக்குற எண்ணெய் ஸ்பிரே விட்டு ராத்திரி ஊறப்போடுங்க. காலையில துடைச்சிட்டு மறுபடி சூடாக்கலாம்.

சுத்த ஆரம்பிச்சதும் ஆறவிட்டு, வெளித்திண்ணையில வச்சு தின்னர் ஊத்திக் கழுவுங்க. பக்கத்துல அடுப்பு, பீடி எதுவும் ஆகாது. உடனே மெல்லிய மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விடுங்க. காஞ்ச பேரிங் நம்ம ஊர் மழைக்காலத்துல சீக்கிரம் துருப்பிடிச்சிரும்.