ஏர்கன் (காற்றழுத்தத் துப்பாக்கி) சிலுவெட் போட்டியில், அதாவது விலங்கு உருவ இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்கும் போட்டியில், என்ன செய்வார்கள்? வட்டப் பலகையில் சுடுவதிலிருந்து இது எப்படி வேறு?

இங்கே புள்ளி வளையம் கிடையாது; குறி விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். மெக்சிகோவில் பிறந்த இந்த விளையாட்டில் குறிகள் இரும்பில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா. ஏர்கன்னுக்கு அவை பெரிய ரைஃபிள் போட்டியின் குறிகளில் பத்தில் ஒரு பங்கு அளவு. அமெரிக்க விதிப்படி தூரம் முறையே 20, 30, 36, 45 கஜம். ஐந்தைந்தாக நிற்கும் வரிசையை இடமிருந்து வலமாகச் சுட வேண்டும். முறை தவறி அடுத்ததைச் சாய்த்தால் அது தவறிய குண்டுதான்.

ரைஃபிளை எந்தத் தாங்கலும் இல்லாமல் நின்றபடி சுடுவதால் குழல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். அசைவு நிற்கட்டும் என்று காத்திருந்தால் கை சோர்ந்துவிடும். என்னைக் கேட்டால் வான்கோழிதான் வில்லன்: ஒல்லி உடம்பு, கொஞ்சம் காற்றடித்தாலும் பெல்லட் (ஏர்கன்னின் சிறு குண்டு) விலகிவிடும். அப்புறம், பெல்லட் இரும்பில் பட்டுத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.