முழங்காலில் மாட்டும் நீ கேப் வேறு, பிரேஸ் வேறு, தங்கச்சி

உம்முடைய கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன், தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குப் படிக்க வந்து நாலு மாதம். கல்லூரியில் கூடைப்பந்து ஆடும்போது ஒருத்தி வந்து முழங்காலின் வெளிப்பக்கத்தில் மோத, கால் உள்ளுக்கு மடங்கிவிட்டது. எம்ஆர்ஐ ஸ்கேனில் முழங்காலின் உட்பக்க நாரான எம்சிஎல் பாதி கிழிந்திருக்கிறது, மூட்டுக்கு நடுவில் இருக்கும் நாரான ஏசிஎல் நன்றாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. டாக்டர் ஆறு கிழமைக்கு (ஆறு வாரம்) ஹிஞ்ச், அதாவது மடங்கும் கீல், வைத்த பிரேஸ் போடச் சொல்லிவிட்டார். விடுதித் தோழியோ, அதைப் போட்டால் தசை கரைந்துவிடும், கழற்றி எறி என்கிறாள். அம்மா தொலைபேசியில், கழற்றவே கழற்றாதே, முடிந்தால் வா, ஒட்டகப்புலம் பரியாரியிடம் (நாட்டு வைத்தியரிடம்) காட்டுவோம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்கிறீர்.

போடும். உம்முடைய காயத்துக்கு அதைப் போடத்தான் வேண்டும். ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல்தான் நான் என் முழங்காலைக் கெடுத்துக்கொண்டேன்.

நானும் யாழ்ப்பாணத்தில் இருந்து 2007இல் சென்னை வளசரவாக்கத்துக்கு வந்தவள். ஊரில் பள்ளிக்கூடக் காலம் முழுக்க வலைப்பந்து (நெட்பால்). இங்கே வலைப்பந்து என்று சொன்னால் "வாலிபாலா?" என்று கேட்டார்கள். சரி என்று, குடியிருப்புப் பெண்கள் ஆடும் த்ரோபாலில் சேர்ந்துகொண்டேன். 2013இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிமெந்துத் தரையில் துள்ளிப் பந்தைப் பிடித்து, ஒற்றைக் காலில் இறங்கித் திரும்பினேன். டப் என்று ஒரு சத்தம். ஒருவரும் என்னைத் தொடவில்லை. இரண்டு மணித்தியாலத்துக்குள் முழங்கால் உருண்டு வீங்கிவிட்டது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். "ஜவ்வுல சின்னப் பிரச்சினை, நீ கேப் போட்டுக்கோங்க" என்றார்கள். ஸ்கேன் இல்லை. எனக்குத் தெரிந்தது சவ்வரிசி மட்டும்தான், ஆகவே பேசாமல் வந்துவிட்டேன். சென்னையில் ஏசிஎல் கிழிந்தாலும் ஜவ்வு, எம்சிஎல் கிழிந்தாலும் ஜவ்வு, உள்ளே எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வுதான். எந்த ஜவ்வு என்று திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்வியில்தான் பிரேஸ் வேண்டுமா, எந்தப் பிரேஸ், எத்தனை நாள் என்ற எல்லாமே இருக்கிறது.

உமக்குக் கிழிந்தது முழங்காலின் உட்பக்கத்தில், மூட்டுக்குழிக்கு வெளியே இருக்கிற நார். அதற்கு இரத்த ஓட்டம் உண்டு, பெரும்பாலும் தானாகவே ஒட்டிவிடும். ஒட்டும் வரைக்கும் கால் பக்கவாட்டில் விரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஹிஞ்ச் பிரேஸின் இரண்டு பக்கக் கம்பிகளும் செய்வது அந்த வேலைதான். காலை மடக்க விடும், நீட்ட விடும், பக்கவாட்டில் சாய மட்டும் விடாது.

எனக்குப் போனது ஏசிஎல். அது மூட்டுக்கு நடுவில் இருப்பது, அறுந்தால் லேசில் ஒட்டாது. முழங்காலுக்குக் கீழே இருக்கிற எலும்பு முன்னுக்குச் சறுக்காமலும் திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. இழுவைத் துணியில் செய்த நீ கேப்பால் அந்த வேலையைச் செய்ய முடியாது. சூடு கொடுக்கும், வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், அப்புறம் தைரியம் கொடுக்கும். அந்தத் தைரியத்தில்தான் மூன்றாம் மாதம் திரும்பவும் ஆடப் போனேன். முழங்கால் விலகி விழுந்தேன். இந்தத் தரம் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்து, ஆபரேஷன் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு பந்தைத் தொட ஒரு வருடம் ஆனது. ஆபரேஷன் செய்தவர் எனக்குப் பிரேஸே தரவில்லை. முதல் சில கிழமைக்குப் போடச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். பிரேஸ் ஆபரேஷனில் வைத்த புது நாரை மறுபடி கிழியாமல் காக்கும் என்று ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை என்று என்னுடைய டாக்டர் விளக்கினார். ஆகவே உம்முடைய தோழி சொன்னது முழுப் பிழையும் இல்லை. வேறு யாரோ ஒருவரின் முழங்காலுக்கு உரிய புத்திமதியை உமக்குச் சொல்லியிருக்கிறாள்.

தசை கரைவது மட்டும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் காலைச் சும்மா வைத்திருப்பது. நான் தையல் டேப்பால் இரண்டு தொடையையும் அளந்து பார்த்தேன், அடிபட்ட பக்கம் கண்ணுக்கே தெரிகிற மாதிரி மெலிந்திருந்தது. கட்டிலில் இருந்து முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடியே தூக்குவது, இரண்டையும் பிசியோவிடம் ஒரு தரம் சரியாகப் பழகிக்கொள்ளும். எப்போது தொடங்கலாம், படுக்கும்போது பிரேஸைக் கழற்றலாமா என்பதையும் அங்கேயே கேளும்.

வாங்கப் போகும்போது கவனம். மெடிக்கலில் முழங்கால் என்றால் ஒரு நொடி யோசிப்பார்கள், இங்கே அது முட்டி. (நம்மூரில் முட்டியில் கள்ளு இருக்கும்.) "முட்டி பெல்ட்" என்று கேட்டால் நீ கேப்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள். டாக்டரின் சீட்டைக் காட்டி, ஹிஞ்ச் வைத்தது என்று சொல்லி, எங்கே அளக்க வேண்டும் என்று பெட்டியில் போட்டிருக்கிறபடி அளந்து வாங்கும். ஹிஞ்ச் முழங்கால் மடங்கும் இடத்துக்கு நேராக நிற்க வேண்டும். நடக்க நடக்கக் கெண்டைக்காலுக்கு இறங்கிவிட்டால் அது வெறும் பாரம். விரல் விறைத்தால் தளர்த்தும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும், காத்திருக்கக் கூடாது.

சென்னை வெயிலுக்கு இது ஒரு தண்டனைதான். உள்ளே மெல்லிய பருத்தித் துணி போடாவிட்டால் வேர்க்குரு வந்துவிடும். ஆனால் வெளியே போகும்போது உடுப்புக்கு மேலே தெரிகிற மாதிரிப் போடும். பஸ்ஸில் கேட்காமலே இடம் கிடைக்கும், ஆட்டோக்காரர் வீட்டு வாசல் வரை வருவார், ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டிய இடங்களில் யாராவது கை கொடுப்பார்கள். கூடவே "என்னம்மா ஆச்சு?" என்று பத்துப் பேர் கேட்பார்கள், அதில் மூன்று பேர் எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர் கட்டுப் போடச் சொல்வார்கள். முதல் தரம் கேட்டபோது நிலாவரைக் கிணறு இருக்கிற நம்முடைய புத்தூர் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுவிட்டேன். இது ஆந்திராவில் இருக்கிற புத்தூர். அதுவும் வேண்டாம், பரியாரி நோவுக்குத் தேய்க்கும் எண்ணெயும் இப்போது வேண்டாம். புதுக் காயத்தில் இறுக்கிக் கட்டுவதும் தேய்ப்பதும் உமக்கு நல்லதில்லை.

பஸ்ஸில் ஏறும்போது நல்ல காலை முதலில் வையும், இறங்கும்போது நோகிற காலை. தாழ்தளப் பேருந்து ஓடுகிற வழித்தடம் என்றால் கொஞ்சம் நின்று அதில் போம். விடுதியில் குந்தி இருக்கும் கழிப்பறை என்றால் கொமட் இருக்கிற மாடிக்கு அறையை மாற்றித் தரச் சொல்லும். வெட்கப்படாமல் கேட்டால் தருவார்கள்.

இன்னொரு டாக்டரிடம் கேட்க விரும்பினால் போரூரில் ஸ்ரீராமச்சந்திராவில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் இருக்கிறது. செலவு கட்டாது என்றால் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் உண்டு. இரண்டுமே என் வீட்டில் இருந்து கிட்ட. துணைக்கு ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

ஆறு கிழமை முடிந்ததும் உம்முடைய எண்ணத்துக்குக் கழற்றி எறிய வேண்டாம். டாக்டர் காலைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார். வலி இல்லை, ஆட்டம் இல்லை என்றால் முதலில் அறையில் கழற்றும், பிறகு வகுப்பில், கடைசியாகப் பஸ்ஸில். கூடைப்பந்துக்கு அதற்கும் பிறகு நாள் இருக்கிறது, பிசியோ சொல்லட்டும்.

அப்போதும் அம்மாவிடம் இனிப் பிரேஸ் வேண்டாம் என்று வாதாடப் போகாதேயும். என் அம்மா வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் அலமாரியில் இருந்து அந்த நீ கேப்பை எடுத்து மாட்டிக்கொண்டுதான் பேசினேன், ஒரு வருடம்.